ஒரே பாலிப் பிளாக், ரெண்டு லேப், ரெண்டு ஈசினோஃபில் எண்ணிக்கை: எதை எடுத்துக்கிறது?

லேப்மேட்_தர்மபுரி:

வணக்கம்ங்க. சைனஸ் பயாப்ஸி ரிப்போர்ட் பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும்.

பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில வேலை செய்யறவர். வயசு நாற்பதுக்குள்ள. மூக்குல ரெண்டு பக்கமும் பாலிப் (தொங்கற சதை வளர்ச்சி), வாசனை சுத்தமா போச்சு, சி.டி.யில லண்ட்-மக்கே ஸ்கோர் (சைனஸ் அடைப்புக்கு 24க்குப் போடற மார்க்) 16. எண்டோஸ்கோப் வழியா சைனஸ் ஆபரேஷன் முடிஞ்சு, எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்பினாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வாரம் பிரெட்னிசோலோன் 30 மி.கி. ஸ்டீராய்டு மாத்திரை போட்டிருக்கார்.

சேலத்து லேப் ரிப்போர்ட்ல ஈசினோஃபில் (அலர்ஜியில பெருகற வெள்ளணு) 8/ஹெச்.பி.எஃப்., அதாவது மைக்ராஸ்கோப்ல ஒரு பார்வை வட்டத்துக்கு 8. அதே பிளாக்கை (சதையைப் பதிச்ச மெழுகுக் கட்டி) பெங்களூருக்கு ரிவ்யூ அனுப்பினதுல 14. எல்லைக் கோடு பத்துன்னு சொல்றாங்க. ஒண்ணு அதுக்குக் கீழ, இன்னொண்ணு அதுக்கு மேல. வீட்டுக்காரங்க கவுன்ட்டர்ல வந்து "எது பொய்?"னு கேக்கறாங்க.

மத்தபடி ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு: எபிதீலியம்ங்கற உள்சுவர் செல் வரிசைக்குக் கீழ நீர் கோத்த வீக்கம், கோப்லெட் செல் ஹைப்பர்பிளேசியா (பெருக்கம்), பேஸ்மென்ட் மெம்பரேன் (அந்த வரிசைக்கு அடியில இருக்கிற சவ்வு) தடிப்பு, அங்கங்க ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா, லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல், பூஞ்சை இழை இல்லை.

இந்த வரிகள் பாதி ரிப்போர்ட்ல அப்படியே வருது. வைத்தியத்துக்கு இதனால ஏதாவது பிரயோஜனம் இருக்கா, இல்ல டெம்ப்ளேட்டா? இந்த மாற்றமெல்லாம் திரும்பப் பழையபடி ஆகுமா? ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக்ல போயிடுமான்னு கேக்கறாங்க. மூக்கு கழுவ போர் தண்ணி ஆகுமான்னும் கேட்டாங்க.

---

ஸ்லைடுபார்வை:

தம்பி, ரெண்டுமே பொய்யா இருக்காது. முதல்ல அந்த எண்ணிக்கையை முடிச்சுக்கலாம்.

ஹெச்.பி.எஃப்.னா 40 அப்ஜெக்டிவ்ல கண்ணுக்குத் தெரியற ஒரு வட்டம். அந்த வட்டத்தோட அளவு ஐபீஸைப் பொறுத்தது. ஐபீஸ் ஓரத்துல 18, 20, 22னு ஒரு எண் பொறிச்சிருக்கும், அதுதான் ஃபீல்டு நம்பர். அதை 40ஆல வகுத்தா வட்டத்தோட விட்டம் கிடைக்கும். 18க்கு 0.45 மி.மீ., 22க்கு 0.55 மி.மீ. கேக்க சின்ன வித்தியாசமாத் தெரியும். பரப்பளவு போட்டுப் பாருங்க: 0.159 சதுர மி.மீ., 0.238 சதுர மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

பழைய ஸ்கோப்ல 18, புது ஸ்கோப்ல 22னு வச்சுக்கிட்டா, 8ங்கறது சதுர மி.மீ.க்கு 50. 14ங்கறது 59. ரெண்டும் ஒரே சதைதான்னு அப்போ தெரியும். ரெண்டு லேப்லயும் நிஜமா என்ன ஐபீஸ்னு போன் பண்ணிக் கேளுங்க, சொல்லுவாங்க. சொல்லலைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது எங்க எண்ணினாங்கங்கறது. பாலிப்ல ஈசினோஃபில் சமமா பரவி இருக்காது. எபிதீலியத்துக்கு ஒட்டிக் கீழ குவிஞ்சு கிடக்கும், நடுவுல நீர் கோத்த பகுதியில அஞ்சாறுதான் தெரியும். நெருக்கமான மூணு ஃபீல்டு பார்த்துச் சராசரி எடுக்கறவரும் இருக்கார், கண்டபடி பத்து ஃபீல்டு எண்ணறவரும் இருக்கார். செக்‌ஷன் 3 மைக்ரானா 6 மைக்ரானாங்கறதும் கணக்கை மாத்தும். தடிமனா வெட்டினா ஒரே வட்டத்துல அதிக செல் தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியமானது அந்த ஒரு வாரம் பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு ஈசினோஃபிலைச் சாகடிக்கும், சதைக்குள்ள வர்றதையும் தடுக்கும். அதனால உங்க 8, 14 ரெண்டுமே ஏற்கெனவே மருந்து அமுக்கி வச்ச எண்ணிக்கை. மருந்துக்கு முன்னாடி எடுத்திருந்தா பெரும்பாலும் இதைவிட அதிகமா இருந்திருக்கும். ரெக்விசிஷன் ஃபாரத்துல "ஸ்டீராய்டு போட்டவர்"னு ஒரு வரி எழுதியிருந்தா எந்த பேத்தாலஜிஸ்ட்டும் "ஈசினோஃபில் குறைவு"ன்னு முடிவு கட்டமாட்டார். அந்த ஃபாரத்தை நிரப்பறது பெரும்பாலும் தியேட்டர்ல இருக்கிற ஹவுஸ் சர்ஜன். மருந்து விவரம் எழுதற கட்டம் காலியாத்தான் வரும்.

பத்துங்கற கோடும் கல்வெட்டு இல்லை. ஐரோப்பிய வழிகாட்டியான இபோஸ் 2020ல டைப்-2 அழற்சிக்கு (ஈசினோஃபில் தூக்கலா இருக்கிற வகை) அடையாளமா மூணு சொல்றாங்க: சதையில ஈசினோஃபில் ஹெச்.பி.எஃப்.க்கு 10 அல்லது மேல, ரத்தத்துல ஈசினோஃபில் 250 அல்லது மேல, மொத்த ஐ.ஜி.இ. (அலர்ஜி ஆன்டிபாடி) 100 அல்லது மேல. இதுல ஏதாவது ஒண்ணு போதும். ஜப்பான்காரங்க 2015ல வெளியிட்ட ஜெஸ்ரெக் ஆய்வுல ஈசினோஃபிலிக் சைனஸ்னு சொல்லவே 70 வேணும். கோடு எங்க போடறாங்கங்கறது எதுக்காகப் போடறாங்கங்கறதைப் பொறுத்தது.

உங்க கையில இருக்கிற சுலபமான வழி, மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த ஹீமோகிராமைத் தேடறது. மொத்த வெள்ளணு 8,200, ஈசினோஃபில் 6 சதவீதம்னா 492. அதை எடுத்து ஃபைல்ல வச்சாலே பாதிக் குழப்பம் தீரும். ஒரு எச்சரிக்கை: நம்ம பக்கம் குடல் புழு இருந்தா ரத்த ஈசினோஃபிலும் ஐ.ஜி.இ.யும் சேர்ந்து ஏறும். ஐ.ஜி.இ. 100ஐத் தாண்டறது இங்க ரொம்ப சாதாரணம். அதை மட்டும் வச்சு முடிவு எடுக்கக் கூடாது.

டெம்ப்ளேட்டான்னு கேட்டீங்க. எழுதற விதம் பல இடத்துல டெம்ப்ளேட்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் சதையில ஒரு நிகழ்வு இருக்கு.

சைனஸ் உள்சுவர்ல இருக்கிறது சிலியா (சளியைத் தள்ளற நுண்மயிர்) வச்ச உயரமான செல் வரிசை. நடுநடுவுல சளி சுரக்கிற கோப்லெட் செல். தூசி, வைரஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு, பூஞ்சைப் புரதம்னு எது குத்தினாலும் இந்த எபிதீலியம்தான் முதல்ல கூப்பாடு போடும். டி.எஸ்.எல்.பி., ஐ.எல்-33, ஐ.எல்-25னு மூணு சிக்னல் வெளியே விடும். அதைக் கேட்டு வர்ற செல்கள் ஐ.எல்-4, 5, 13ங்கற சிக்னல் புரதங்களைச் சுரக்கும். உங்க ரிப்போர்ட் வரிகள் ஒவ்வொண்ணும் இங்கதான் பிறக்குது. ஐ.எல்-5 ஈசினோஃபிலை எலும்பு மஜ்ஜையில இருந்து வரவழைச்சு, சாகவிடாம வச்சிருக்கும். ஐ.எல்-13 சாதாரண செல்லை கோப்லெட் செல்லா மாத்தும், சளி கெட்டியாகும். ஐ.எல்-4 ஐ.ஜி.இ.யை ஏத்தும்.

நீர் கோத்த வீக்கம் ஏன் வடியறதில்லைன்னா, ரத்தக் குழாய்ல இருந்து பிளாஸ்மா கசிஞ்சு சதைக்குள்ள ஃபைப்ரின் வலையா உறைஞ்சு போகும். அதைக் கரைக்க வேண்டிய டி.பி.ஏ. நொதி பாலிப் சதையில குறைஞ்சிருக்கும். வலைக்குள்ள மாட்டின தண்ணி வெளியேற வழியில்லை. தொங்கற பாலிப் உருவாகறது இப்படித்தான். பாலிப் இல்லாத நாள்பட்ட சைனஸ்ல டி.ஜி.எஃப்-பீட்டா தூக்கலா இருக்கும், அங்க நீருக்குப் பதிலா நார்த்திசு அதிகமா தெரியும். ஸ்லைடுல ரெண்டையும் தூரத்துல இருந்தே பிரிச்சிடலாம்.

ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியான்னா சிலியா வச்ச செல் போய் தட்டை செல் வந்து உக்காந்திருக்கு. காத்தும் தூசியும் உராயற இடத்துல அது தற்காப்பு. அந்த இடத்துல சிலியா இல்லை, சளி நகராது. வீட்டுக்காரங்க இதை கேன்சர்னு படிச்சிட்டு வருவாங்க. அப்படி இல்லை. "டிஸ்பிளேசியா"ன்னு (புற்றுக்கு முந்தின செல் மாற்றம்) எழுதியிருந்தாதான் வேற பேச்சு.

பேஸ்மென்ட் மெம்பரேன் தடிப்பை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோட படிங்க. மைக்ரோடிப்ரைடர்ங்கற ஆபரேஷன் கருவியில அரைச்சு வந்த துண்டுகளை பாரஃபின் மெழுகுல நேரா நிக்க வைக்கறது கஷ்டம். சாய்வா வெட்டினா மெம்பரேன் தடிச்சுத் தெரியும், கோப்லெட் செல்லும் பெருகின மாதிரி தெரியும். எபிதீலியம் செங்குத்தா வெட்டுப்பட்ட இடத்துல பார்த்து எழுதினாரான்னு கேக்கலாம்.

---

ஈ.என்.டி_ஓசூர்:

மேடம் சொன்ன ஸ்டீராய்டு விஷயம்தான் இந்த கேஸோட மையம். என்னைக் கேட்டா 8ஆ 14ஆங்கற பஞ்சாயத்தே தேவையில்லை. ரெண்டு பக்கமும் பாலிப், வாசனை போயிருக்கு, ஸ்கோர் 24க்கு 16. ஆஸ்துமாவும் இருந்தா நடைமுறையில டைப்-2னு வச்சுத்தான் வைத்தியம் போகும். ஆசியாவுல நியூட்ரோஃபில் (இன்னொரு வகை வெள்ளணு) அதிகமா இருக்கிற பாலிப்பும் கணிசமா உண்டு, அதுக்காகத்தான் பயாப்ஸி பார்க்கறோம்.

ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. உடம்பு வலிக்கு மாத்திரையோ ஊசியோ போட்டா இழுப்பு வந்திருக்கா? பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை வலி மருந்து ஒத்துக்காமை மூணும் சேர்ந்து வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. கல் வேலை செய்யறவங்களுக்கு சாயங்காலம் ஒரு டைக்ளோஃபினாக் ஊசிங்கறது நம்ம ஊர்ல பழக்கம். இந்த ஆளுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் இருக்கிற வரைக்கும் வலிக்கு ஒரு தடவைக்குப் பாராசிட்டமால் 500 மி.கி.யோட நிறுத்திக்கணும்.

ஆன்டிபயாடிக் கேள்விக்கு வர்றேன். ஒரு கோர்ஸ்ல போகாது. காரணம் மேல மேடம் எழுதியிருக்கிறதுலயே இருக்கு: இங்க நடக்கறது கிருமி குடியேறின புண்ணு இல்ல, சுவரே உருமாறிப் போன நிலை. திடீர்னு சீழ், காய்ச்சல், ஒரு பக்கம் கன்ன வலின்னு வந்தா அந்தச் சமயத்துக்கு ஆன்டிபயாடிக் சரி. டாக்சிசைக்ளின் மூணு வாரம் (முதல் நாள் 200 மி.கி., அப்புறம் தினம் 100) பாலிப்பைக் கொஞ்சம் சுருக்குதுன்னு பார்த்திருக்காங்க, ஆனா அது மெல்லிய பலன். ஐ.ஜி.இ. ஏறாத, நியூட்ரோஃபில் வகைக்கு மேக்ரோலைடு (அசித்ரோமைசின் வகை ஆன்டிபயாடிக்) குறைஞ்ச டோஸ்ல 12 வாரம் கொடுக்கறதுண்டு. இவருக்கு அது இல்லை. இதய ஈ.சி.ஜி. பார்க்காம அதை ஆரம்பிக்கவும் கூடாது.

எது பழையபடி ஆகும்? வீக்கம் வாரக்கணக்குல வடியும். சிலியா திரும்ப முளைக்க மாதக்கணக்கு ஆகும், அதுவும் ஆபரேஷன்ல மியூகோசாவை (உள்சவ்வை) உரிச்சு எடுக்காம விட்டிருந்தா. எலும்பு தெரியற அளவு உரிச்ச இடத்துல வளர்றது தழும்புதான், சிலியா ஒழுங்கா வராது. கோப்லெட் செல் கட்டுப்பாட்டுல இருந்தா குறையும். மெம்பரேன் தடிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். சி.டி.யில எத்மாய்ட் (கண்களுக்கு நடுவுல உள்ள சைனஸ்) தடுப்புகளும் மேக்ஸில்லரி (கன்னத்து சைனஸ்) சுவரும் வெள்ளையா தடிச்சிருந்தா அது ஆஸ்டியைட்டிஸ், அந்த எலும்பு மெலியறதில்லை. அப்படி இருக்கிறவங்களுக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம்னு முதல்லயே சொல்லி வைக்கறது நல்லது.

ஆபரேஷன் எதுக்குன்னு வீட்டுக்காரங்களுக்கு இப்படிச் சொல்லுங்க. கன்னத்து சைனஸோட வாசல் கீழ இல்லை, மேல இருக்கு. சளி தானா வழியாது, சிலியாதான் அதை மேலே தள்ளி அந்தச் சின்ன வாசலுக்குக் கொண்டு போகுது. வாசல் சில மில்லிமீட்டர்தான். சுத்தியிருக்கிற சதை கொஞ்சம் வீங்கினாலே மூடிக்கும். ஆபரேஷன் அந்த வாசலை அகலமாக்கி மருந்து உள்ள போக வழி பண்ணுது. அழற்சி அப்படியேதான் இருக்கு. மருந்தை நிறுத்தினா சதை திரும்ப வளரும். "ஆபரேஷன் பண்ணியும் வந்துடுச்சு"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் ஸ்ப்ரேயை நிறுத்தினவங்க.

ஆபரேஷனுக்கு அப்புறமும் அடங்காம, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டா பயாலஜிக் ஊசி யோசிக்கலாம். டுபிலுமாப் ஐ.எல்-4, 13 ரெண்டோட வழியையும் அடைக்கும், 300 மி.கி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அமெரிக்காவுல பாலிப்புக்கு 2019ல அனுமதி கிடைச்சது. மெபோலிசுமாப் ஐ.எல்-5ஐப் பிடிக்கும், 100 மி.கி. நாலு வாரத்துக்கு ஒரு தடவை. விலையைச் சொன்னா பட்டறைத் தொழிலாளி எழுந்து போயிடுவார். அதனால கழுவறதையும் ஸ்ப்ரேயையும் ஒழுங்கா செய்ய வைக்கறதுலதான் நம்ம உழைப்பு போகணும்.

போர் தண்ணி: நேரா ஊத்தக் கூடாது. ஆர்.ஓ. தண்ணியும் அப்படியே கூடாது. நெக்லேரியா, அகாந்தமீபா மாதிரி அமீபா குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா மூளைக்குப் போனா கொல்லும். தளதளன்னு கொதிச்ச பிறகு குறைஞ்சது ஒரு நிமிஷம் விட்டு, மூடி ஆற வச்சு, வெதுவெதுப்பா ஆனதும் எடுக்கணும். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஃபுளோரைடு பயம் இருக்கிறதால அதையும் கேப்பாங்க. கொதிக்க வச்சா ஃபுளோரைடு போகாது, ஆனா இது கழுவி வெளியே விடற தண்ணி. ஃபுளோரைடு கவலை குடிக்கிற, சமைக்கிற தண்ணியில. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வர்ற தெருவா இருந்தா அதையே கொதிக்க வச்சு எடுத்துக்கட்டும், உப்புக் கணக்கும் சரியா வரும். கடினமான போர் தண்ணியில ஏற்கெனவே உப்பு இருக்கும்.

---

மருந்துக்கடை_காவேரிப்பட்டணம்:

டாக்டர் விட்ட இடத்துல இருந்து சொல்றேன், கவுன்ட்டர்ல தப்பு நடக்கறது இங்கதான்.

240 மி.லி. பாட்டிலுக்கு உப்பு 2.2 கிராம் (லிட்டருக்கு 9 கிராம் கணக்கு). அளக்க தராசு இல்லைன்னா அயோடின் கலக்காத உப்பு மூணு டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன் கலந்து ஈரம் படாத டப்பாவுல வச்சு, ஒரு பாட்டிலுக்கு அதுல ஒரு டீஸ்பூன். இந்தக் கலவை 9 கிராம் கணக்கைவிட ரெண்டு மடங்குக்கு மேல தூக்கல், அதனால எரிச்சல் எடுத்தா கலவையோட அளவைக் குறைங்க, வெறும் தண்ணிக்கு மாறாதீங்க. உப்பே இல்லாத தண்ணி அதைவிட மோசமா எரியும். மளிகைக்கடைப் பாக்கெட் உப்புல அயோடினும் கட்டி பிடிக்காம இருக்க சேர்க்கிற பொருளும் இருக்கும், சில பேருக்கு அதுவே உறுத்தும்.

வாஷ்பேசின் மேல குனிஞ்சு, தலையை ஒரு பக்கம் சாய்ச்சு, வாயைத் திறந்து வாயாலயே மூச்சு விடணும். மேல இருக்கிற துவாரத்துல பாதி பாட்டில், அப்புறம் மறுபக்கம். அழுத்தி அடிக்கக் கூடாது, காதுக்குள்ள ஏறி வலிக்கும். முடிச்சதும் ஒரு மூக்கை அடைச்சுக்கிட்டு சீந்தக் கூடாது. ரெண்டையும் திறந்து வச்சு மெதுவா ஊதணும், அப்புறம் தலையை முழங்கால் வரைக்கும் குனிஞ்சு அஞ்சாறு விநாடி நின்னா மிச்சத் தண்ணி வந்துடும். இல்லைன்னா பஸ்ல போறப்போ சட்டையில ஊத்தும்.

கழுவின 10, 15 நிமிஷம் கழிச்சு ஸ்ப்ரே. முன்னாடி அடிச்சா கழுவறதுல எல்லாம் போயிடும். மொமெட்டாசோன், ஃப்ளுட்டிகாசோன் எதுவா இருந்தாலும் வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. நுனி காதுப் பக்கம் பார்க்கணும். நடுத்தண்டைப் பார்த்து அடிச்சா ரத்தம் கசியும், "ஸ்ப்ரே ஒத்துக்கலை"ன்னு நிறுத்திடுவாங்க. அடிக்கறப்போ உறிஞ்ச வேண்டாம், தொண்டைக்குப் போயிடும். பலன் ஒரு வாரத்துக்கு மேல ஆகித்தான் தெரிய ஆரம்பிக்கும். மூக்கடைப்பு உடனே திறக்கற சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துதான் எங்க கடையில அதிகமா விக்கறது. அஞ்சு நாளைக்கு மேல தொடர்ந்து போட்டா மருந்தே அடைப்பு உண்டாக்கும், சதை இன்னும் வீங்கும்.

ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு டாக்டர் புடசோனைடு ரெஸ்ப்யூல் எழுதினா (0.5 மி.கி., 2 மி.லி.) அதை 240 மி.லி. உப்புத் தண்ணியில கலந்து கழுவச் சொல்லியிருப்பார். நெபுலைசருக்கான மருந்தை ஏன் மூக்குக்குக் கொடுக்கறீங்கன்னு சண்டைக்கு வருவாங்க, சீட்டுல தெளிவா எழுதச் சொல்லுங்க. சீட்டு இல்லாம நாங்க கொடுக்கறதில்லை.

நொச்சித்தழை ஆவி பிடிக்கறது இதமா இருக்கும், பாலிப்பை அசைக்காது. வாளியில கொதிக்கற தண்ணி வச்சு போர்வைக்குள்ள உக்கார்றவங்க தொடையில சுட்டுக்கிட்டு பர்னால் வாங்க வர்றாங்க. தும்பைப்பூச் சாறு பிழிஞ்சு மூக்குல விடறது வேண்டவே வேண்டாம், அதுவும் ஆபரேஷன் பண்ணின மூக்குல.

---

பட்டறை_சேப்டி_சூளகிரி:

வேலை விஷயம் யாரும் தொடலை. பத்து மைக்ரானுக்கு மேல இருக்கிற தூசி பெரும்பாலும் மூக்கிலயே சிக்கும், நுண்ணியது நுரையீரலுக்குப் போகும். அதனால மூக்குல இவ்வளவு மாற்றம் இருக்கிறவருக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (மூச்சளவு சோதனை) எடுத்துடுங்க. பாரடைசோ மாதிரி வண்ணக் கல்லுல குவார்ட்ஸ் (நுரையீரலைக் கெடுக்கற சிலிக்கா) தாராளமா இருக்கும், கருங்கல் டோலரைட்ல ரொம்பக் குறைவு. எந்தக் கல்லுல வேலைன்னு கேட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

லைன் பாலிஷர்ல தண்ணி ஓடறதால தூசி கம்மி. விவகாரம் ஓரம் தேய்க்கற கை கிரைண்டர்ல, அதை உலர்த்தித்தான் ஓட்டுவாங்க. அப்புறம் ஷிஃப்ட் முடிஞ்சு காய்ஞ்ச சேறைக் கம்ப்ரசர் காத்தால ஊதறது, அதே காத்தால உடம்பையும் சட்டையையும் ஊதிக்கறது. அந்த ரெண்டு நிமிஷத்துல வாங்கற தூசி ரொம்ப மோசம். சேறு ஈரமா இருக்கிறப்பவே கழுவி விடணும். கைக்குட்டை கட்டறது மாஸ்க் ஆகாது. என்95 மூக்குப்பட்டி அழுந்தணும், தாடி இருந்தா ஓரத்துல காத்து வரும். மூக்கு கழுவறதை ஷிஃப்ட் முடிஞ்ச உடனே, வீட்டுக்குப் போன கையோட வச்சுக்கிட்டா நல்லது.

---

லேப்மேட்_தர்மபுரி:

எல்லாருக்கும் நன்றிங்க. விசாரிச்சேன். சேலத்துல ஐபீஸ் 18, பெங்களூருல 22. மேடம் போட்ட கணக்கு அப்படியே நிக்குது. பழைய ஹீமோகிராம் கிடைச்சது: மொத்தம் 9,100, ஈசினோஃபில் 7 சதவீதம், அதாவது 637. தேதி மாத்திரைக்கு முன்னாடி. வலி ஊசி போட்டு இழுப்பு வந்ததில்லைன்னு சொல்றார், ஆனா தூசி அதிகமான நாள்ல நெஞ்சு இறுக்கம் உண்டாம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். சி.டி. ரிப்போர்ட்ல "சைனஸுக்குள்ள அங்கங்க அடர்த்தி அதிகம்"னு ஒரு வரி இருக்கு. பயாப்ஸியில பூஞ்சை இல்லைன்னு வந்துடுச்சே, அதை விட்டுடலாமா? ஆபரேஷன் பண்ணினவருக்கு எப்போ உடனே ஓடி வரணும்னு எழுதிக் கொடுத்தா கவுன்ட்டர்ல ஒட்டிடுவேன்.

---

ஈ.என்.டி_ஓசூர்:

637 இருக்கு, சந்தேகம் தீர்ந்தது. நெஞ்சு இறுக்கத்துக்கு ஸ்பைரோமெட்ரி கட்டாயம்.

உடனே வரணும்னு எழுத வேண்டியது: கண் இமை வீக்கம், பார்வை மங்கல், ரெண்டு ரெண்டா தெரியறது, நெத்தி வீங்கறது, கடும் தலைவலியோட வாந்தி, கழுத்து விறைப்பு, குனிஞ்சா ஒரே மூக்குல இருந்து தெளிவான தண்ணி சொட்டு சொட்டா விழறது, உப்புக் கரிக்கறது (மூளையைச் சுத்தியிருக்கிற நீர் கசியலாம், கழுவறதை அப்பவே நிறுத்தணும், சீந்தக் கூடாது), நிக்காத ரத்தம். சர்க்கரை நோயாளியா இருந்து மூக்குல கறுப்புப் பொருக்கோ, கன்னம் மரத்துப் போறதோ வந்தா அன்னைக்கே, மறுநாள்னு வைக்கக் கூடாது.

இன்னொண்ணு, கவுன்ட்டர்ல மத்தவங்களுக்கும் உதவும். ஒரே பக்கம் மட்டும் அடைச்சு, சி.டி.யிலும் ஒரே பக்கம் வெள்ளையா இருந்தா அதை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. மேல்கடைவாய்ப் பல் வேர்ல சீழ், பூஞ்சை உருண்டை, இன்வர்ட்டட் பாப்பிலோமா, கட்டி எல்லாம் பார்த்தாகணும். நாத்தம் அடிக்கற சளி ஒரு பக்கம்னா முதல்ல பல் டாக்டர்.

---

ஸ்லைடுபார்வை:

அந்த சி.டி. வரியை விடாதீங்க. அடர்த்தி அதிகமா தெரியறது பெரும்பாலும் சதையில்லை, காஞ்ச மியூசின் (கெட்டிச் சளி). அலர்ஜிக் பூஞ்சை சைனஸ்ல பூஞ்சை சதைக்குள்ள நுழையறதே இல்லை, மியூசினுக்குள்ளதான் இருக்கும். பாலிப்பை மட்டும் பார்த்து "பூஞ்சை இல்லை"ன்னு எழுதினா அது உண்மையும்தான், பிரயோஜனமும் இல்லை. ஆபரேஷன்ல கெட்டியான புளிக்கரைசல் மாதிரி பழுப்பா எடுத்த சளி எங்க போச்சுன்னு கேளுங்க. சக்‌ஷன் பாட்டில்ல போயிருந்தா போனதுதான்.

டப்பாவுல இருந்தா, இல்ல பிளாக்ல ஓரத்துல ஒட்டியிருந்தா, அந்தப் பகுதியில புதுசா செக்‌ஷன் போட்டு ஜி.எம்.எஸ். ஸ்டெயின் (பூஞ்சையைக் கறுப்பாக் காட்டற சாயம்) கேளுங்க. வழக்கமான ஹெச் அண்ட் ஈ சாயத்துல இழை அஞ்சாறு இருந்தா கண்ணுக்குத் தப்பிடும். செத்த ஈசினோஃபில் அடுக்கடுக்கா, நடுவுல ஊசி முனை வச்ச சார்கோ-லெய்டன் படிகம் தெரிஞ்சா ஈசினோஃபிலிக் மியூசின்னு எழுதலாம். அந்தப் படிகம் ஈசினோஃபில்ல இருக்கிற கேலெக்டின்-10 புரதம்தான் உறைஞ்சது. ஜி.எம்.எஸ்.ல கறுப்பு இழையும் சேர்ந்து வந்தா, அஸ்பெர்ஜில்லஸ் ஐ.ஜி.இ. இல்ல தோல் சோதனை ஒண்ணு பண்ணி அலர்ஜிக் பூஞ்சை சைனஸுக்கான பென்ட்-கூன் அளவுகோல்ல வச்சுப் பார்க்கலாம். நம்ம நாட்டுல அதிகமா வளர்றது அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்.

அடுத்த கேஸ்ல இருந்து தியேட்டருக்கு ரெண்டு டப்பா கொடுத்து அனுப்புங்க. சதைக்கு 10 சதவீத ஃபார்மலின், சதையைப் போல பத்து மடங்கு அளவு. மியூசினோட ஒரு பாதியும் அதே மாதிரி ஃபார்மலின்ல. மறுபாதி கல்ச்சருக்கு, சலைன்ல, அன்னைக்கே. ஃபார்மலின்ல போட்டது கல்ச்சர்ல வளராது. லேபிள்ல "மியூசின்"னு தனியா எழுதி, ரெக்விசிஷன்ல ஸ்டீராய்டு பேர், டோஸ், கடைசி மாத்திரை தேதி மூணையும் நீங்களே கேட்டு நிரப்பிடுங்க.